ஏழாம் எண் வீடு இறங்கியது

மூன்றாவது படிக்குச் சிமெண்டுப் பால் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்த சுடலைமுத்து மேஸ்திரி, தான் கட்டிய படிக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே புதிதாக இரண்டு விரற்கடைப் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்தார். கரணையை வாளித் தண்ணீரில் முக்கி உதறிவிட்டு, நாலாவதாக ஒரு படியும் கட்டவேண்டிவரும், இன்னும் பத்துச் செங்கல் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். உள்ளே வடிவு அப்போதுதான் போனில் பேசி முடித்திருந்தாள். ஓசூரில் இருக்கிற மகள் செண்பகம், நான் வந்து ஒரு பத்து நாள் கூட இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நீ எதற்கு அலைய வேண்டும், இங்கே ஒன்றும் வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவள் சொல்லி போனை வைத்த நேரத்துக்குத்தான் அந்த இரண்டு விரற்கடை.

வீடு இறங்க ஆரம்பித்துப் பதினெட்டு நாளாகியிருந்தது. இறங்கும்போது சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, சுவரில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை, அடுப்பில் இருக்கிற பால் தளும்பக்கூட இல்லை. லிஃப்டில் போகிறவர்களுக்கு வயிற்றில் உண்டாகிற ஒரு லேசான குழைவு மட்டும் வடிவுக்கு அடிவயிற்றில் தெரியும், தெரிந்து முடிவதற்குள் வாசலில் தெரு கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, பஸ் தொழிலாளர்கள் சேர்ந்து மனை வாங்கிக் கட்டிய அந்தப் போக்குவரத்து நகரின் நாலாவது தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவை விட வீடு தாழ்ந்துபோவது அங்கே எல்லாருக்கும் பழக்கமானதுதான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றி நாலு தடவை ரோடு போட்டதில், மூன்று படி ஏறிப் போன வீடுகளெல்லாம் ஒரு படி ஏறுகிற வீடுகளாக ஆகியிருந்தன. ஆகையால் முதலில் காண்ட்ராக்டரைத் திட்டினார்கள். பிறகு ரோடு போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது ஞாபகம் வந்ததும், அந்த இடம் ஒரு காலத்தில் குளமாக இருந்தது, களிமண், அப்படித்தான் உள்வாங்கும் என்றார்கள். மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினீயர் டேப்போடு வந்து அளந்து, ரோடு அதன் இடத்தில் சரியாக இருக்கிறது, வீட்டைப் பற்றிச் சொல்வதற்குத் தனக்கு அதிகாரமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற ஆட்கள் திருச்சியிலிருந்து வந்து, நாற்பது ஜாக்கியை முட்டுக் கொடுத்து, இரண்டு நாள் திருகித் திருகி வீட்டை ஒரு முழம் உயர்த்தினார்கள். தெருவே வந்து நின்று பார்த்தது. உயர்த்தி முடித்த சாயங்காலம் வந்தவர் போனவரெல்லாம் இனிமேல் ஒன்றும் குறையில்லையே என்று விசாரிக்க, ஒரு குறையும் இல்லை, ஒன்றும் வேண்டாம் என்று வடிவு பதினேழு பேருக்குப் பதில் சொல்ல, இருட்டுவதற்கு முன்னால் வீடு அந்த ஒரு முழத்தையும் இறங்கி அதற்கு மேலும் ஒரு சாண் போயிருந்தது. ஜாக்கிக்காரர்கள் தங்கள் ஜாக்கிகளைத் தோண்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

வடிவின் புருஷன் குற்றாலத்துக்குத் தொண்டையில் புற்று. முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து, ‘உள்ள போ உள்ள போ’ என்று கத்திக் கத்தியே குரல் கம்மிவிட்டது என்று முதல் ஆறு மாதம் எல்லாரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார், பனங்கற்கண்டும் மிளகும் மென்றார். இப்போது தினமும் காலை பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் வலை மாதிரி ஒரு மூடி செய்து, அதை மேஜையோடு சேர்த்துத் திருகி, அசையாமல் படுக்க வைத்து, ஆளை உள்ளே தனியாக விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். மொத்தம் முப்பத்து மூன்று தடவை. சனி ஞாயிறு தவிர்த்து நடுவில் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது, விட்டால் அதுவரை வைத்ததற்குப் பலன் குறையும் என்று டாக்டரம்மா வடிவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். வடிவுக்கு அதற்குப் பிறகு வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. முப்பத்து மூன்று, நடுவில் விடக் கூடாது. விழித்திருக்கும்போது அதுதான் ஓடியது, கண்ணை மூடினாலும் அதுதான் ஓடியது.

குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்ததால் குற்றாலம் பேசுவதில்லை. பெட்டியிலிருந்து தன் பழைய விசிலை எடுத்துக் கயிற்றோடு கழுத்தில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். கழுத்துத் தோல் வெந்திருந்ததால் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். கஞ்சி போதுமென்றால் ஒரு விசில். இன்னும் கொஞ்சம் ஊற்றலாம் என்றால் இரண்டு விசில். பஸ்ஸில் இருந்த அதே கணக்குதான், ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். இரண்டு விசில் கேட்கிற நாட்கள் வரவரக் குறைந்துகொண்டு வந்தன.

பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். சாத்துக்குடியின் புளிப்புப் பட்டால் அவருக்குத் தொண்டை தீயாக எரியும், ஆனால் கொண்டுவந்தவர்களிடம் அதைச் சொல்ல முடியுமா. ஐந்து படி இறங்கி, ஆறு படி இறங்கி, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியுமா. வடிவு புருஷனுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அடுப்பை நிறுத்திவிட்டு அவர்களுக்குக் காப்பி போட்டாள். யாருக்குச் சீனி குறைவு, யாருக்குச் சீனியே கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அவர்கள் எந்த ஊரில் யாருக்கு இதே மாதிரி வந்து எப்படிச் சரியாயிற்று, அல்லது சரியாகவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, நோயாளி வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாதே என்று சும்மா எழுந்து, படியில் கால் வைக்கும்போது திரும்பி, ஏதும் வேணும்னா கேளு வடிவு, கூச்சப்படாத என்பார்கள். ஒண்ணும் வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன் என்பாள் இவள். அடிவயிற்றில் குழைவு தெரியும்.

இதில் யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. வடிவு வளர்ந்த வீட்டில் எதையும் மூன்று தடவை கேட்பார்கள். முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு. இரண்டாவது ‘வேண்டாம்’ கேட்கிறவர் உண்மையாகத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவதாகச் சொல்வதுதான் வயிற்றிலிருந்து வருகிற பதில். இந்தத் தெருவிலோ, முதலில் சொன்ன வார்த்தையை மதிப்பதுதான் மரியாதை என்று எப்படியோ ஆகியிருந்தது. ஒரு மனுஷி வேண்டாம் என்ற பிறகு மறுபடி கேட்டால் அவளைக் கையாலாகாதவள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா என்று அவர்கள் கூசினார்கள். ஆக அவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டுப் படியேறிப் போனார்கள். அவள் மீதி இரண்டு தடவைக்காகக் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனாள்.

வீடு எப்போது இறங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தது எதிர் வீட்டுச் செய்யதலி பாத்திமாதான். காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்தவள், தபால்காரர் குனிந்து எதையோ கேட்பதையும், கீழேயிருந்து வடிவின் கை ‘வேண்டாம்’ என்று அசைவதையும், உடனே ஏழாம் எண் வீட்டு மொட்டை மாடி தன் கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஒரு விரல் நழுவுவதையும் பார்த்தாள். அவள் போய் பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் மூன்று தடவை சரிபார்க்காமல் நம்பமாட்டாள். காம்பவுண்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆளுக்கு ஒரு நேரமாக நாலு பேரை அனுப்பி வடிவிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்க வைத்து, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று குறித்தாள். பால் பாக்கெட் வாங்கித் தரட்டுமா என்றதற்கு ஒரு விரற்கடை. ராத்திரிக்கு யாரையாவது துணைக்குப் படுக்கச் சொல்லட்டுமா என்றதற்கு மூன்றரை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆனதும் தெருப் பெண்கள் எல்லாரும் டீச்சர் வீட்டில் கூடி, வெகு நேரம் பேசி, மிகவும் நல்லெண்ணத்தோடு ஒரு முடிவுக்கு வந்தார்கள். கேட்டால்தானே வேண்டாம் என்பாள்? ஆகையால் இனிமேல் யாரும் வடிவிடம் எதையும் கேட்கக் கூடாது.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாளும் ஏழாம் எண் வீட்டுக்குத் தெருக்காரர்கள் யாரும் வரவில்லை. தெருவில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி உருட்டினார்கள். வடிவு அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த ஜன்னல் இப்போது தெருமட்டத்துக்கு வந்திருந்தது. செருப்புகள் போவதும் வருவதும் தெரிந்தது. எல்லாரும் நம் வீட்டைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்று நினைத்தாள். ஒட்டிக்கொள்கிற நோய் என்று யாராவது சொல்லியிருப்பார்களோ. இருக்கட்டும், யார் தயவும் வேண்டாம் என்று கஞ்சிச் சட்டியைத் துலக்கிக்கொண்டே நினைத்தாள், குழைவு தெரிந்தது. மருந்துச் சீட்டை எடுத்து வைக்கும்போது, யாராவது கதவைத் தட்டி நான் போய் வாங்கி வாரேன் என்று சொல்வதாகவும், தான் வேண்டாம் என்பதாகவும் நினைத்துப் பார்த்தாள், குழைவு தெரிந்தது. அப்படித்தான் யாரும் கேட்காமலேயே, அவள் தனக்குள்ளேயே கேட்டுத் தனக்குள்ளேயே மறுத்து, முன்னைவிட வேகமாக வீடு போக ஆரம்பித்தது. டீச்சரின் சாக்பீஸ் கோடுகள் சுவரோடு மண்ணுக்குள் போய்விட்டன. மேஸ்திரி ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் வந்து, எதுவும் பேசாமல், வீட்டுக்குள் பார்க்காமல், ஒரு படி கட்டிவிட்டுப் போனார். பதினொரு படி ஆயிற்று. குளிக்கும்போது வெளிச்சத்துக்கு விளக்குப் போடவேண்டியிருந்தது. மத்தியானம் ஒரு மணிநேரம் மட்டும் முற்றத்தில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழும். குற்றாலம் நாற்காலியை இழுத்துக்கொண்டு அந்த வெயிலோடு நகர்ந்துகொண்டிருப்பார்.

இருபத்திரண்டாவது கரண்டு நாள். ஒன்பதேமுக்காலுக்கு ஆட்டோ வந்து மேலே நின்றது. குற்றாலம் ஒவ்வொரு படியாக இரண்டு கைகளையும் ஊன்றி ஏறினார், வடிவு பின்னாலிருந்து முதுகுக்குத் தோள் கொடுத்து ஏற்றினாள். முந்தின வாரம் அப்படி ஏறிவிட்டார்கள். அன்று நாலாவது படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். எழுபது கிலோ இருந்தவர் ஐம்பத்திரண்டுக்கு வந்திருந்தார், ஆனாலும் வடிவு நாற்பத்தாறு கிலோதான். அவள் ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்து, அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்துக்கே வந்தார்கள். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, நான் வரட்டுமாக்கா என்றார். வேண்டாம், நீங்க வண்டியைப் பாருங்க, இந்தா வந்துட்டோம் என்றாள். அவர்களுக்குப் பின்னால் வீடு கீழே போனது. பதினோராவது படிக்கும் வாசலுக்கும் நடுவே இப்போது தாண்ட முடியாத அளவு பள்ளம். இனி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது என்பது வடிவுக்குத் தெரிந்தது. மணி பத்து அடிக்கப் பத்து நிமிஷம். முப்பத்து மூன்று, நடுவில் விடக் கூடாது.

அந்த நேரத்தில் ஜெபமணி டீச்சர் ஆலயத்துக்குக் கிளம்பி வந்தவள், வேறு ஏதோ யோசனையில் தெருப் பெண்கள் செய்த தீர்மானத்தை மறந்துபோய், பள்ளத்துக்கு மேலே நின்று, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

“என்ன வடிவு, படியிலேயே உக்காந்திருக்கிய. ஏதும் வேணுமா?”

கேட்ட பிறகுதான் டீச்சருக்கு ஞாபகம் வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். வடிவு நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது நாளைக்கு அப்புறம் தெருக்காரர்களில் ஒரு முகம். அவளுடைய வாய் தானாகவே திறந்துகொண்டது.

“ஒண்ணும் வே—”

குற்றாலம் விசில் ஊதினார்.

ஒரே ஒரு விசில்; மூச்சு இருக்கிற மட்டும் இழுத்த விசில். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவ்வளவு நீளமாக ஊதியிருக்கக் கூடாது. தெருமுனையில் கீரை விற்றுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்; ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார்; வடிவின் வாயில் பாதியில் நின்ற சொல் அப்படியே நின்றது. நின்றது என்பதால் வீடும் நின்றது. குற்றாலம் விசிலை வாயிலிருந்து எடுக்காமல், கண்ணை அவள் மேலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

என்ன கேட்பது என்று வடிவுக்கு உண்மையாகவே தெரியவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத வாய். எது பெரிய உதவி, எது சின்ன உதவி, எது இவர்களால் முடியும், எதைக் கேட்டால் அதிகப்படி என்றெல்லாம் நினைத்து, டீச்சருக்கு இரண்டு முட்டியிலும் வலி என்பதும் ஞாபகம் வந்து, கடைசியில் சொன்னாள்.

“டீச்சர், இவங்களை மேல தூக்கணும். என்னால முடியல.”

டீச்சர் கைப்பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு, பாத்திமாவைக் கூப்பிட்டாள். பாத்திமா தன் வீட்டுச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள். பன்னிரண்டாவது படிக்குச் செங்கல் கொண்டுவந்த மேஸ்திரி செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தார். ஆட்டோக்காரர் மறுபக்கம் பிடித்தார். பாத்திமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி கையை உள்ள வைங்க, சுவத்துல இடிச்சிக்கிடுவிய என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஏழு படியும் ஏறியாயிற்று.

“முப்பது வருஷம் எங்களையெல்லாம் உள்ள போ, உள்ள போன்னு தள்ளுனீயளே அண்ணாச்சி,” என்றார் மேஸ்திரி, மூச்சு வாங்கிக்கொண்டு. “இப்போ மேல ஏறு, மேல ஏறுன்னு நாங்க தள்ளுதோம். டிக்கெட்டு யாரு எடுப்பா?”

குற்றாலம் இரண்டு விசில் ஊதினார். ஆட்டோ கிளம்பியது.

மறுநாள் காலையில் டீச்சர் வீட்டு வாசலில் மூன்று பேர் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் வீடு நாலு விரற்கடை இறங்கியிருந்தது. முந்தின நாளே மேஸ்திரி பன்னிரண்டாவது படியைக் கட்டி இறங்க வழி செய்திருந்தார்; வடிவுக்கு விஷயம் தெரிந்ததும் கஞ்சிக் கரண்டியோடு படியேறி ஓடி வந்தாள். ஓடி வந்தவள் பாதியில் நின்றாள். பன்னிரண்டு படி ஏறவேண்டியவள் பதினொன்றில் தெருவுக்கு வந்திருந்தாள். எதிரே பாத்திமா வீட்டிலும் கதவு தரையில் உரசிக்கொண்டிருந்தது. மேஸ்திரியின் வீடு அடுத்த தெருவில்; அங்கேயும் அப்படித்தானாம்.

வடிவு டீச்சர் முன்னால் நின்று, என்னால்தான் இப்படி, நான் கேட்டிருக்கக் கூடாது, திருப்பிக்கொள்ள வழியிருக்கிறதா என்று என்னென்னவோ சொன்னாள். டீச்சர் மர ஸ்கேலைச் சுவரில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். அளந்து முடித்துத்தான் திரும்பினாள்.

“நாலு விரல்தானே வடிவு. இந்த ஒரு படி ஏற முடியாம நான் முட்டியைத் தடவிக்கிட்டே நிப்பேன். இப்போ சவுகரியமால்லா இருக்கு. இன்னிக்கு யாரைக் கூட்டிட்டுப் போகப்போறே? அதைச் சொல்லு மொதல்ல.”

அதைச் சொல்வது வடிவுக்கு முந்தின நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் யாரிடமும் ஒன்றும் கேட்காமல், மேஸ்திரியும் ஆட்டோக்காரரும் தாமாக வந்து தூக்கியபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வீடு மறுபடி ஒரு படி இறங்கியது. அன்று பாத்திமா இறங்கி வந்து, அடுப்படியில் நின்று, காப்பி எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இந்தத் தெருவில் இப்போது எல்லாருக்கும் ஒரே பேச்சுதான், நீ யாரிடம் என்ன கேட்டாய், அவர்கள் வீடு எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் சோறு இறங்கவில்லை, நீ பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாங்கள் எதைத்தான் அளப்பது என்று சண்டைக்கு வந்தாள். வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாகியிருந்தது என்றால், கன்னம் வலித்தது.

பிறகு கேட்டாள். முதலில் சின்னதாக, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்க யாராவது முன்னாலேயே போகமுடியுமா என்று. அப்புறம் மதியக் கஞ்சி. அதைப் பாத்திமா எடுத்துக்கொண்டாள். நோன்புக் கஞ்சிக் கைப்பக்குவத்தில் காரத்தையும் மசாலாவையும் விட்டுவிட்டு, பூண்டை வேகவைத்து மசித்து அவள் காய்ச்சிய கஞ்சிக்குக் குற்றாலம் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு இரண்டு விசில் ஊதினார். காலையில் ஒரு மணிநேரம் டீச்சர் வந்து உட்கார்ந்து பேப்பர் வாசித்தாள். செவ்வாயும் வியாழனும் மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனார். மூன்றாம் நாள் வந்த அழுகையை அடக்கிக்கொண்டு, யாராவது ரெண்டு மணிநேரம் இவங்க பக்கத்துல இருந்தா நான் குளிச்சித் தலையை ஆத்திக்கிடுவேன் என்று கேட்டபோது, பன்னிரண்டாம் எண் வீட்டு ஆவுடையம்மாள் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி பின்னல் ஊசியோடு வந்தாள். கேட்ட மறுநாள் காலையில் அந்தந்த வீடு இறங்கும். வாசலில் தேங்கின தண்ணீரைத் தள்ள வேண்டியிருந்தது, கதவுகளின் அடியைச் சீவவேண்டியிருந்தது, சாக்கடைக்கு வாட்டம் மாறிப்போனது. எல்லாரும் முணுமுணுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே மேஸ்திரியைக் கூப்பிட்டு, எங்கள் வீடு எவ்வளவு, அவர்கள் வீடு எவ்வளவு என்று கேட்டார்கள். மேஸ்திரி தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயை வீட்டுக்கு வீடு இழுத்துப் பிடித்து மட்டம் பார்த்துச் சொன்னார். வடிவின் வீடு ஏறிக்கொண்டு வந்தது.

மூன்றாம் எண்ணில் பேங்க் மாணிக்கவாசகம் மட்டும் கொஞ்சம் விலகி இருந்தார். தெருவிலேயே உயரமான அஸ்திவாரம் அவருடையது. ஐந்து படி, கிரானைட். வெள்ளம் வந்தாலும் ரோடு எத்தனை தடவை போட்டாலும் தன் வீடு மேலேதான் நிற்கும் என்று சொல்லிச் சொல்லிக் கட்டியது. ஆனால் எல்லா வீடும் தாழ்ந்துபோனதில் அவர் வீடு தேர் நிலைக்கு வராமல் நடுத்தெருவில் நின்ற மாதிரித் தனியாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் அவரே வந்து, பள்ளத்தின் விளிம்பில் நின்று, தொண்டையைச் செருமி, “நம்மகிட்டயும் ஏதாவது கேக்கலாம்லா, தாயி” என்றார். வடிவுக்கு அப்போது வேண்டியதெல்லாம் வேறு வேறு ஆட்கள் செய்துகொண்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்து, உங்க வீட்டுல கறிவேப்பிலை இருந்தா ஒரு கொத்து என்றாள். அவர் ஒரு கிளையையே ஒடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் மேஸ்திரி குழாயைப் பிடித்து அரை விரற்கடை என்றார். மாணிக்கவாசகம் அவரை மறுபடி பார்க்கச் சொன்னார். மறுபடியும் அரைதான். அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை என்று அவர் சம்சாரம் டீச்சரிடம் சொன்னாள்.

முப்பத்து மூன்றாவது கரண்டு நாளில் மாணிக்கவாசகமே வந்து நின்றார். நானும் மேஸ்திரியும் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போகிறோம், ரிப்போர்ட்டை வாங்கி, டாக்டரம்மா சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வருகிறோம், நீ வரவேண்டாம் என்றார். வடிவு முப்பத்திரண்டு நாளும் போனவள். மூடியைத் திருகிக் கதவைச் சாத்துகிற நேரத்தில் கதவுக்கு வெளியே நின்று, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும், ‘இந்தா முடிஞ்சிரும், இந்தா முடிஞ்சிரும்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவள். கடைசி நாள் நான் இல்லாமலா என்றாள். குற்றாலத்தைப் பார்த்தாள். அவர் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருந்தது. கண் மட்டும் பஸ் நிலையத்தில் ஆள் ஏற்றுகிற காலத்துக் கண்ணாக இருந்தது. விசில் ஊதவில்லை. கையை மெதுவாக அசைத்தார், நீ இரு என்பதாக.

ஆட்டோ போய்விட்டது. வடிவு தெருவில் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. கஞ்சி பாத்திமா வீட்டில் வெந்துகொண்டிருந்தது. மருந்து வாங்கியாயிற்று. வீட்டுக்குள் போனால் வெறும் கட்டில்தான் இருக்கும். இதோடு தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அந்த மூன்று மாதத்தை எப்படி இருப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நின்றுகொண்டே இருந்தவளை டீச்சர் தன் வாசலிலிருந்து பார்த்தாள். உள்ளே வந்து உக்காரேன், இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது என்றாள்.

கணக்கு இதுதான். மேஸ்திரி அளந்து சொன்னதையெல்லாம் டீச்சர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். இறங்கிய வீடுகள் எல்லாவற்றையும், பேங்க்காரரின் அரை விரற்கடையையும் சேர்த்துக் கூட்டினால் நாற்பத்து நாலு வருகிறது. ஆனால் ஏழாம் எண் ஏறியிருப்பது நாற்பத்தெட்டு. மீதி நாலு விரற்கடையை யார் எடுத்துக்கொண்டார்கள்? பாத்திமாவும் கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். குழாயில் காற்றுக்குமிழ் இருந்திருக்கும், மேஸ்திரி தப்பாகப் பார்த்திருப்பார் என்றாள் அவள். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோக்காரர் வீட்டைச் சேர்த்தீர்களா, அவர் வாடகை வீடு அல்லவா, வாடகை வீடு இறங்குமா, இறங்கினால் அது குடியிருப்பவருக்கா வீட்டுக்காரருக்கா என்று பாத்திமா கேட்டாள். அதை நான் யோசிக்கவில்லையே என்றாள் டீச்சர். பிறகு, ஓசூரிலே உன் மகள் இருக்கிறாள், அவளிடம் ஏதாவது கேட்டாயா வடிவு என்றாள். வடிவு தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆமா, போன ஞாயித்துக்கிழமை, தினமும் ஒரு தடவை போன் பண்ணுன்னு கேட்டேன் என்றாள். அவ மாடியிலல்லவா இருக்கா என்றாள் பாத்திமா, மாடி வீடு நாலு விரல் இறங்கினா கீழ் வீட்டுக்காரனுக்குத் தலையிலே இடிக்காதா. இடிக்கும்தான், அவனைக் கேட்டால் தெரியும் என்றாள் டீச்சர். அது எப்படி நாலு விரல் இருக்கும், ஒரு போனுக்கு நாலு விரலா என்று பாத்திமா கேட்க, போன் பண்றது லேசுன்னு நெனைக்கியா என்று டீச்சர் சொல்ல, வடிவு சுவரோடு சரிந்து, முந்தானையைத் தலைக்குச் சுருட்டி வைத்துக்கொண்டு தரையில் படுத்தாள். பட்டப்பகல் பதினொரு மணி. சிமெண்டுத் தரை குளிர்ந்திருந்தது. இரண்டு பெண்களின் பேச்சும் வெகு தூரத்துக்குப் போயிற்று, அவள் மூச்சு நிதானமாக வர ஆரம்பித்தது.

“அப்படியே வச்சுக்கிட்டாலும் அந்தப் புள்ளை கணக்கு போன வாரம்தான் வரும்,” என்று சொல்லிக்கொண்டே டீச்சர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், கால் கட்டைவிரலால் டேபிள் ஃபேனை வடிவின் பக்கம் திருப்பினாள். “அதுக்கு முன்னாடியே ரெண்டு விரல் உதைக்குதே, அது எங்க போச்சு?”